கினபாலு அடிவாரத்தில் 30 கி.மீ. காட்டு ஓட்டம்: முதல் தடவை போகிறேன், எப்படித் தயாராவது?

கிள்ளான்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவின் சாபாவில் கினபாலு மலையடிவாரத்தில் நடக்கும் ஒரு டிரெயில் ஓட்டத்துக்குப் பதிந்துவிட்டேன். 30 கி.மீ., மொத்த ஏற்றம் 1,700 மீட்டர், 10 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ரோட்டில் அரை மாரத்தான் 2 மணி 10 நிமிடத்தில் ஓடுவேன், அதில் பயமில்லை. ஆனால் மழைக்காட்டுக்குள் ஒரு போட்டி ஓடியதே கிடையாது. ஷா ஆலம் பூங்காவில் மேடு பள்ளம் ஓடியதோடு சரி.

கேட்க நினைப்பது நிறைய. ஈரத்தில் வழுக்காத காலணி எது? தண்ணீர் எவ்வளவு சுமக்க வேண்டும்? போட்டி காலை 6 மணிக்குத் தொடங்குகிறது, பகல் ஓட்டம்தான், ஆனாலும் ஹெட்லாம்ப், விசில், அவசரப் போர்வை எல்லாம் கட்டாயம் என்று ஏற்பாட்டாளர்கள் சொல்கிறார்கள், அது எதற்கு? உயரத்தால் மூச்சு வாங்குமா? அப்புறம் ரத்தம் குடிக்கிற அட்டை. என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அட்டைக்கெல்லாம் அசர மாட்டார். ஆனால் நான் காட்டுக்குள் தனியாக ஓடப்போகிறேன் என்றதும் அவருக்குத் தூக்கமே போய்விட்டது. அவரிடம் காட்டுவதற்காகவாவது கொஞ்சம் விவரமாக எழுதுங்கள்.

ஈப்போ_ஓட்டம் எழுதியது:

வாழ்த்துகள் தங்கச்சி. முதலில் அந்த 2 மணி 10 நிமிடக் கணக்கைத் தூக்கி ஓரமாக வையுங்கள். காட்டில் கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்ற பேச்சே எடுபடாது. மலையில் நடப்பவர்களுக்கு நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892லேயே ஒரு கணக்கு சொன்னார். 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். உங்கள் பாதைக்குப் போட்டுப் பாருங்கள், தூரத்துக்கு 6 மணி, ஏற்றத்துக்கு 3 மணிக்குக் கொஞ்சம் குறைவு, ஆக 9 மணிக்குள். அது வேகமாக நடப்பவரின் கணக்கு, சேற்றுக்கும் ஓய்வுக்கும் அதில் இடமில்லை. உங்களால் சமதளத்தில் ஓட முடியும் என்பதால் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம், அதைச் சேறு தின்றுவிடும். அதனால் 10 மணி நேரம் என்பது தாராளமான கட்-ஆஃப் இல்லை. பதற வேண்டியதும் இல்லை, ஆனால் தண்ணீர் நிலையத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும்.

நான் புதிதாக வருகிற எல்லாரிடமும் சொல்வது இதுதான்: இந்த ஓட்டத்தில் உங்களை அடிப்பது மலையின் உயரம் இல்லை, காட்டின் ஈரம். மரக்கூரைக்கு அடியில் காற்று அசையாது. ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது வியர்வை வழியுமே தவிர சரியாக ஆவியாகாது, ஆவியாகாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. வெயிலே படாத இடத்தில், 26 டிகிரியில், இதயம் 170க்கு அடிக்கும். ஏன் என்று தெரியாமல் பலர் பயந்துபோகிறார்கள், இன்னும் பலர் கவனிக்காமலே வேகத்தைப் பிடித்துக்கொண்டு போய் 15வது கிலோமீட்டரில் வாந்தி எடுக்கிறார்கள். ஏற்றம் முழுக்க நடங்கள். வெட்கப்படாதீர்கள், முன்வரிசையில் போகிறவர்களும் செங்குத்தான இடத்தில் முட்டியில் கை வைத்து நடக்கத்தான் செய்கிறார்கள். பேச முடிகிற மூச்சு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

காலணி. அடிப்பாகத்தில் 5 மி.மீ.க்குக் குறையாத பற்கள் இருக்க வேண்டும், பற்களுக்கு இடையே நல்ல இடைவெளி இருக்க வேண்டும், இல்லையென்றால் செம்மண் களி அடைத்துக்கொண்டு அடிப்பாகம் தட்டையாகிவிடும். தண்ணீர் புகாத வகை என்று விலை கூட்டி விற்பதை வாங்காதீர்கள். ஆற்றில் இறங்கினால் மேல்வழியாகத் தண்ணீர் உள்ளே வரத்தான் வரும், வந்த தண்ணீர் வெளியே போகாது. அப்புறம், நம் ஊர் 'கம்போங் அடிடாஸ்' தெரியும்தானே, பால்மரத் தோட்டத்தில் போடுகிற அந்தக் கறுப்பு ரப்பர் காலணி. மலை வழிகாட்டிகள் இன்னமும் அதைப் போட்டுக்கொண்டுதான் சேற்றில் பறக்கிறார்கள். பிடிப்பு அருமை. ஆனால் உள்ளே மெத்தையே கிடையாது, பழக்கமில்லாத பாதம் 30 கி.மீ. தாங்காது, அதனால் உங்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன். அம்மாவுக்குப் படம் காட்டுங்கள், சந்தோஷப்படுவார்.

வேர்கள் பற்றி ஒன்று. ஈரமான வேரின் மேல் நேராக மிதிக்காதீர்கள், தாண்டி வையுங்கள். குறுக்காக, சரிவாகக் கிடக்கிற வேர்தான் ஆளைத் தூக்கி அடிக்கும். விழப்போகும்போது கை தானாகப் பக்கத்து மரத்தைப் பிடிக்கப் போகும், அங்கேதான் பிரம்புக் கொடி இருக்கும். அதன் முள் உள்ளங்கையில் ஏறினால் உடைந்து உள்ளேயே தங்கிவிடும். விரல் நுனி வரை மூடிய மெல்லிய தோட்டக் கையுறை ஒரு ஜோடி சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும், போட்டுக்கொண்டு ஓடுங்கள்.

செந்தூல்_ரன்னர் எழுதியது:

நல்ல விவரம் அண்ணே. நானும் தீபகற்பத்தில் காட்டு ஓட்டம் ஓடுகிறவன்தான். சகோதரி, தண்ணீர் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், தாகம் எடுக்கும் முன்பே குடித்துக்கொண்டே இருங்கள், மணிக்கு ஒரு லிட்டராவது. முட்டி வலிக்கு முன்னெச்சரிக்கையாக ஒரு வலி மாத்திரை காலையிலேயே போட்டுவிடுவது நல்லது. கைக்கடிகாரத்து ஜிபிஎஸ்ஸை முழுக்க நம்ப வேண்டாம். அடர்ந்த காட்டிலும் பள்ளத்தாக்கிலும் சிக்னல் தடுமாறும், வளைந்து வளைந்து போகிற பாதையைக் கடிகாரம் வெட்டி நேராக்கிவிடும், 30 கி.மீ. ஓட்டத்தில் 28தான் காட்டும். அடுத்த நிலையம் வந்திருக்க வேண்டுமே, வரவில்லையே என்று வழியில் குழம்பாதீர்கள். வழி காட்டப் பாதையில் கட்டியிருக்கும் ரிப்பன்தான் கணக்கு. 5 நிமிடமாக ரிப்பனே கண்ணில் படவில்லை என்றால் முன்னால் போகாதீர்கள், கடைசியாக ரிப்பன் பார்த்த இடத்துக்குத் திரும்பி வாருங்கள்.

ரானாவ்_டீச்சர் எழுதியது:

வணக்கம் தங்கச்சி. நான் பேராக்கிலிருந்து இங்கே வேலை மாற்றலாகி வந்து இந்த மலையைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பவள், இந்தப் பக்கத்து ஓட்டங்களில் ஓடியும் இருக்கிறேன், நிலையங்களில் நின்று தண்ணீர் ஊற்றியும் இருக்கிறேன்.

உயரம் பற்றிக் கேட்டீர்கள். கினபாலு உச்சி 4,095 மீட்டர். உச்சி வரை ஏறி இறங்கும் கிளைம்பத்தோன் 1987இல் ஆரம்பித்தது, அது முற்றிலும் வேறு விளையாட்டு. அதில் மலையேறத் தொடங்கும் திம்போஹோன் வாசலே 1,866 மீட்டரில் இருக்கிறது, அங்கிருந்து உச்சிக்கு 8.7 கி.மீ. காற்றின் அடர்த்தி குறைவது நன்றாகவே தெரியும். நீங்கள் ஓடப்போவது அடிவாரக் கிராமங்களுக்கு நடுவே, குண்டாசாங் பக்கம் போனாலும் 1,500 மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். 2011இல் தொடங்கிய டிஎம்பிடி அல்ட்ரா என்ற நெடுந்தூர ஓட்டமும் இந்த மாதிரி நிலத்தில்தான் ஓடுகிறது. மூச்சுக்குப் பயப்பட வேண்டாம். குளிருக்குப் பயப்படுங்கள். இரவில் குண்டாசாங்கில் 15 டிகிரிக்குக் கீழேகூடப் போகும். மத்தியானம் மழையில் தொப்பலாக நனைந்து, முகட்டில் காற்றடித்து, கால் சுளுக்கி உட்கார்ந்துவிட்டால் 20 நிமிடத்தில் பல் கிட்டிக்கொள்ளும். அவசரப் போர்வை அதற்குத்தான். மீட்புக் குழு உங்களை அடையும் வரை உடம்புச் சூட்டைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியது நீங்கள்.

ஹெட்லாம்ப் எதற்கு என்றால், கிள்ளானில் 7 மணிக்கு மேல்தான் பொழுது சாயும், அந்தப் பழக்கத்தில் இங்கே வரக்கூடாது. கடிகாரம் இரண்டு பக்கமும் ஒன்றுதான், ஆனால் சாபா கிழக்கே வெகு தூரத்தில் இருக்கிறது, 6 மணி, ஆறரைக்கெல்லாம் சூரியன் போய்விடும். காட்டுக்குள் அதற்கும் அரை மணி முன்பே தரை தெரியாது. மழைமேகம் கவிந்தால் 4 மணிக்கே வேருக்கும் பாம்புக்கும் வித்தியாசம் தெரியாத வெளிச்சம்தான். உங்கள் கட்-ஆஃப் மாலை 4 மணி. பின்னால் வருகிறவர்கள் அந்த வெளிச்சத்தில்தான் ஓடுவார்கள்.

மழை இங்கே பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல் வரும். காலையில் மலை முழுசாகத் தெரியும், 10 மணிக்குள் மேகம் மூடிவிடும், அப்புறம் எப்போது வேண்டுமானாலும் கொட்டும். அதனால் கஷ்டமான ஆற்றுக் கடப்பு எங்கே இருக்கிறது என்று பாதை வரைபடத்தில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மேலே மழை பெய்தால் கீழே நீங்கள் நிற்கிற இடம் காய்ந்திருந்தாலும் ஆறு ஏறும். தண்ணீர் திடீரென்று கலங்கினால், இலையும் குச்சியும் மிதந்து வந்தால், அது வெள்ளம் வருவதற்கு அறிகுறி. கயிறு கட்டியிருந்தாலும் பாதையில் நிற்கிற மார்ஷல் சொல்லாமல் இறங்காதீர்கள். 2015 ஜூன் 5 நிலநடுக்கத்தில் மலையில் 18 பேர் இறந்தார்கள், அதில் 4 பேர் வழிகாட்டிகள். அப்போது மேலே சரிந்த மண்ணும் பாறையும் பிறகு வந்த மழையில் கடமையான் ஆற்றில் சேறாக இறங்கி வந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. ஆறு விஷயத்தில் ஊர்க்காரர்கள் ஒன்று சொன்னால் அப்படியே கேளுங்கள்.

தொங்கு பாலங்கள் வரும். ஒரே நேரத்தில் இத்தனை பேர் என்று எழுதியிருக்கும், பின்னால் ஆள் நெருக்கினாலும் காத்திருங்கள். பாலத்தில் ஓடினால் ஆட்டம் கூடும், அடுத்தவர் அடியும் உங்கள் அடியும் சேர்ந்து தூக்கிப் போடும். நடந்தே போங்கள்.

பாதை பெரும்பகுதி டூசுன் மக்களின் நிலம். மலைநெல், இஞ்சி, அன்னாசி, பால்மரம். ஆமாம், அம்மாவிடம் சொல்லுங்கள், இங்கேயும் பால்மரத்துக்கு நடுவில்தான் ஓடப்போகிறீர்கள். அவர்கள் வாசல் வழியாக ஓடுகிறோம் என்பது நினைவிருக்கட்டும். வழியில் சாப்பிடுகிற சத்து ஜெல்லின் உறையைக் கீழே போடாதீர்கள், வரப்பை மிதிக்காதீர்கள், சில ஆறுகளில் தாகால் என்று ஊரே சேர்ந்து மீன் பிடிக்கத் தடை போட்டுக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், அங்கே இறங்கிக் கலக்கி விளையாடாதீர்கள். நாய்கள் குரைக்கும். ஓடாமல் நடந்து கடந்தால் பெரும்பாலும் சும்மா இருக்கும்.

பெண்களுக்கென்று ஒன்று சொல்கிறேன். யாரும் எழுத மாட்டார்கள். நனைந்த துணி உராய்ந்து தொடையிடுக்கிலும், ஸ்போர்ட்ஸ் பிராவின் கீழ்ப்பட்டையிலும் தோல் உரிந்துவிடும், ரோட்டில் 2 மணி நேரத்தில் தெரியாதது இங்கே 8 மணி நேரத்தில் ரத்தமாக வரும். வாசலினைத் தாராளமாகத் தடவுங்கள், ஒரு சின்ன டப்பாவைப் பையிலும் வைத்துக்கொள்ளுங்கள். மாதவிலக்கு நாள் வந்து விழுந்தால் மென்சுரல் கப் பழகியவர்களுக்கு வசதி, ஆனால் போட்டி நாளில் முதல் தடவையாக முயல வேண்டாம். ஒதுங்க இடம் வேண்டும் என்றால் பாதையை விட்டு ரொம்ப உள்ளே போகாதீர்கள். பையைப் பாதை ஓரத்தில் தெரிகிற மாதிரி வைத்துவிட்டுப் போங்கள், பின்னால் வருகிறவர்களுக்கு ஆள் இருப்பது தெரியும்.

கேகே_டாக்டர் எழுதியது:

மேலே செந்தூல் நண்பர் சொன்னதில் ரிப்பன் பற்றியது நூற்றுக்கு நூறு சரி. தண்ணீரும் மாத்திரையும் பற்றிச் சொன்னதை மட்டும் நான் கடுமையாக மறுக்க வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தாகம் இல்லாமல் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடி முடித்தபோது எடை குறையாமல் கூடியிருந்தவர்களுக்குத்தான் அந்த ஆபத்து அதிகம், அதாவது வியர்த்ததைவிட அதிகமாகக் குடித்தவர்கள். மெதுவாக ஓடி, ஒவ்வொரு நிலையத்திலும் நின்று குடிக்கிறவர்கள். முதல் முறை வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த வகை. விரல் வீங்கி மோதிரம் இறுகுவது, தலைவலி, குமட்டல், பேச்சு குழறுவது எல்லாம் அதன் அறிகுறி. இதை நீர் வறட்சி என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து.

அப்படியென்றால் எவ்வளவு? எல்லாருக்கும் ஒரே அளவு கிடையாது. நீங்களே அளந்து பாருங்கள். வீட்டில் எடை பார்த்துவிட்டு, புழுக்கமான காலையில் ஒரு மணி நேரம் ஓடி, துடைத்துவிட்டு மறுபடி எடை பாருங்கள். குறைந்த கிலோவும் இடையில் குடித்த லிட்டரும் சேர்ந்ததுதான் உங்கள் மணிக்கணக்கு வியர்வை. ஈரக் காட்டில் ஒரு லிட்டருக்கு மேல் போகிறவர்கள் உண்டு. அத்தனையையும் திருப்பிக் குடிக்க வேண்டியதில்லை, வயிறு ஏற்காது. தாகத்துக்குக் குடியுங்கள், உப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹண்ட்ரட் பிளஸ் மாதிரி பானத்திலும் சோடியம் உண்டு, ஆனால் பல மணி நேரம் வியர்ப்பவருக்கு அது மட்டும் போதாது. உப்புப் போட்டு அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, அசாம்போய் என்கிற உப்பிட்டு உலர்த்திய பிளம், நிலையத்தில் சூப் கொடுத்தால் சூப். இனிப்பு ஜெல் இந்தப் புழுக்கத்தில் 5 மணி நேரத்துக்கு மேல் பலருக்கும் தொண்டையில் இறங்காது.

வலி மாத்திரை. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டையும் ஓட்டத்துக்கு முன்போ நடுவிலோ போடாதீர்கள். உடம்பில் நீர் குறைந்து, தசை சிதைந்து, சிறுநீரகம் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் நேரத்தில் அதற்குப் போகிற ரத்தத்தையும் இந்த மாத்திரை குறைக்கும். ஓட்டம் முடிந்து, சாப்பிட்டு, சிறுநீர் நன்றாகப் போன பிறகு வேண்டுமானால் பார்க்கலாம்.

வெப்பத்தாக்கு. கூட ஓடுகிறவர் தள்ளாடினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் முழித்தாலோ அது களைப்பு இல்லை. அந்த இடத்திலேயே குளிர்விக்க வேண்டும், பிறகுதான் தூக்கிக்கொண்டு போவது. பாதுகாப்பான ஓடை பக்கத்தில் இருந்தால் தலையைத் தூக்கிப் பிடித்து உடம்பைத் தண்ணீரில் வைக்கலாம், இல்லையென்றால் இருக்கிற தண்ணீரையெல்லாம் மேலே ஊற்றி விசிறுங்கள். விசில் ஊதி ஆளைக் கூப்பிடுங்கள்.

அட்டையால் நோய் வரும் என்ற பயம் வேண்டாம். கடித்த இடத்தில் ரத்தம் உறையாமல் ரொம்ப நேரம் வடியும், அதற்கு அட்டையின் உமிழ்நீரில் உள்ள ஹிருடின் காரணம், பார்க்கப் பயமாக இருக்குமே தவிர ஒன்றும் ஆகாது. நெருப்பு வைப்பது, உப்புப் போடுவது வேண்டாம், வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடும். நகத்தை அதன் மெல்லிய முனைக்கு அடியில் கொடுத்து வழித்துவிட்டால் விழுந்துவிடும். அட்டை சாக்ஸ் நடைக்குச் சரி, ஓட்டத்தில் புழுங்கும், நீளமான சாதா சாக்ஸே போதும்.

நான் கவலைப்படுவது எலிக்காய்ச்சலுக்கு, எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து தொற்றுவது. 2000இல் இங்கே சாபாவில் நடந்த ஈகோ சேலஞ்ச் சாகசப் போட்டியில் 304 பேர் கலந்துகொண்டார்கள். பிறகு விசாரிக்க முடிந்த 189 பேரில் 80 பேருக்கு அந்த நோயின் அறிகுறிகள் இருந்தன. செகாமா ஆற்றில் நீந்தியவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம் என்று ஆய்வில் தெரிந்தது. உங்கள் ஓட்டத்தில் அவ்வளவு நேரம் தண்ணீரில் கிடக்கப் போவதில்லை. ஆனாலும் ஆற்றுத் தண்ணீரை வாயில் படவிடாதீர்கள், சிராய்ப்பு இருந்தால் பிளாஸ்டர் ஒட்டுங்கள், முடித்ததும் சுத்தமான தண்ணீரில் சோப்புப் போட்டுக் குளியுங்கள். வீடு திரும்பி ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்காலில் கடும் வலி, கண் சிவப்பு வந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் 'சாபாவில் காட்டில் ஓடினேன், ஆற்றைக் கடந்தேன்' என்று நீங்களே சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் குரங்கிலிருந்து கொசு வழியாக வரும் நோலெசி மலேரியாவுக்கும் சேர்த்துச் சோதிப்பார்கள். அந்தக் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒரு முறை ரத்தத்தில் பெருகும், அதனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

கிள்ளான்காரி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அம்மாவுக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன். அட்டை பற்றி டாக்டர் சொன்னதை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை, சுண்ணாம்பும் புகையிலையும்தான் மருந்து என்கிறார். மற்றபடி ஹெட்லாம்ப் வாங்கிக்கொடுப்பதாகச் சொல்லிவிட்டார். இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. கிள்ளான் பக்கம் மலையே இல்லை, எங்கே பயிற்சி எடுப்பது? சிலர் பத்துமலைப் படிக்கட்டு ஏறி இறங்கினால் போதும் என்கிறார்கள். டிரெக்கிங் போல், அதாவது மலையேறும் ஊன்றுகோல், வாங்கலாமா?

ஈப்போ_ஓட்டம் எழுதியது:

பத்துமலை 272 படி, மூச்சுக்கும் தொடைக்கும் நல்லது. கோவிலுக்கு வருகிறவர்களுக்குத் தொந்தரவு இல்லாமல் விடியற்காலையில் போய் வாருங்கள். ஆனால் படி எல்லாம் ஒரே அளவு, கணுக்கால் அங்கே ஒன்றும் கற்றுக்கொள்ளாது. வார நாளில் படி, வாரக் கடைசியில் காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்துக்கு கெப்போங் வன ஆய்வு நிலையத்துப் பாதைகள். அப்புறம் உலு லங்காட்டில் பங்சூன் வழியாக குனோங் நுவாங், 1,493 மீட்டர். வன அனுமதி எடுத்துக்கொண்டு, தனியாகப் போகாமல் போங்கள். முதலில் வருகிற நீளமான மண்சாலை சலிப்பாக இருக்கும், அதற்குப் பிறகு வேரும் செங்குத்தும்தான், உங்களுக்கு வேண்டிய அத்தனையும் அங்கே இருக்கிறது.

முக்கியமாக இறக்கத்தைப் பயிற்சி செய்யுங்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் நின்று ஆற்றிக்கொள்ளலாம். 1,700 மீட்டர் இறங்கி முன்தொடை பழுத்துவிட்டால் அன்றைக்கு அதற்கு மருந்தே கிடையாது, கடைசி 8 கி.மீ. பக்கவாட்டில் நடந்துதான் வர வேண்டும். சின்னச் சின்ன அடியாக, உடம்பைப் பின்னால் சாய்க்காமல் இறங்கப் பழகுங்கள். ஒரு நல்ல நீண்ட இறக்கம் ஓடி உடம்பு அந்த வலியை ஒருமுறை பார்த்துவிட்டால், அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தில் பாதி வலிகூட வராது. கடைசிப் பெரிய இறக்கத்தைப் போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு முடித்துவிடுங்கள்.

ஊன்றுகோல் வாங்கலாம், மடிக்கிற வகை. ஆனால் இரண்டு மாதமாவது அதோடு பழகிய பிறகு கொண்டுபோங்கள். விமானத்தில் கைப்பையில் விட மாட்டார்கள், பெட்டியில் போட வேண்டும். தொங்கு பாலத்தில் மடித்துவிடுங்கள். பலகை இடுக்கில் மாட்டும்.

மழை பெய்கிற அன்றைக்குப் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள். இடி இல்லாத மழை என்றால் கிளம்பிப் போங்கள், போட்டிக்குக் கொண்டுபோகும் அதே காலணி, அதே பை, அதே சாக்ஸோடு.

ரானாவ்_டீச்சர் எழுதியது:

கோத்தா கினபாலுவிலிருந்து குண்டாசாங்குக்கு 2 மணி நேரத்துக்கு மேல் ஆகும், மலைச்சாலை, பனி இறங்கினால் இன்னும் தாமதம். அதனால் போட்டிக்கு முந்தின இரவே மேலே வந்து தங்குங்கள். வாரக் கடைசியில் அறை சீக்கிரம் நிறைந்துவிடும், இன்றைக்கே பாருங்கள். அம்மாவையும் கூட்டி வாருங்களேன். நீங்கள் ஓடுகிற நேரத்தில் நான் அவரைக் குண்டாசாங் காய்கறிச் சந்தைக்குக் கூட்டிப் போகிறேன், பசியாறிவிட்டு முடிவிடத்துக்கு வந்துவிடுகிறோம்.